வெள்ளச் சுவரில் மஞ்சள் சோறு

தமிழா நீங்க? அப்படித்தான் நினைச்சேன். படகுலேர்ந்து இறங்கி வரும்போதே பார்த்தேன். ஸ்வெட்டருக்கு மேலே தலைப்பை இழுத்து இடுப்புல சொருகிக்கிற கை வேற எந்த நாட்டுக் கையாவும் இருக்க முடியாது. உட்காருங்க. முட்டி வலியா? மகளும் மாப்பிள்ளையும் ஐஸ்கிரீம் கடைக்குப் போயிருக்காங்களா? போகட்டும். படகு கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ஊதுவான். முதல் ஊதலுக்கெல்லாம் யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. நீங்களும் எழுந்திருக்காதீங்க.

எந்த ஊரு? பவானியா? அப்போ ஆத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். எனக்கு மாயவரம். பேரு மங்கையர்க்கரசி. இந்த ஊர்க்காரங்க வாயில அது நுழையலை, மேகின்னு வெச்சிட்டாங்க. அம்பத்தஞ்சு வருஷமா மேகி. நாய்க்குட்டிக்குக்கூட இதைவிட யோசிச்சுப் பேரு வெக்கிறாங்க.

ஆறு எங்கேன்னு தேடுறீங்களா? இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். நீங்க வந்தீங்களே, அந்த வாசல்ல நின்னா ஒரு துண்டு தெரியும். ஊருக்குள்ள வேற எங்க நின்னாலும் மிசிசிப்பி கண்ணுல படாது. வெள்ளம் வருதுன்னு ரெண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பி ஆத்தை மறைச்சாங்க. அப்புறம் ஐயோ ஆறு தெரியலையேன்னு அந்தச் சுவத்து மேலேயே ஆத்தை வரைஞ்சு வெச்சிருக்காங்க. சிரிங்க, சிரிங்க. எனக்கு இப்பல்லாம் சிரிப்பு வர்றதில்லை.

இது இந்த ஊரோட சரித்திரமாம். ஊர் பிறந்து நூத்தி எழுபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு ஒரு கமிட்டி போட்டு, வெளியூர்லேர்ந்து லூயின்னு ஒரு ஓவியனைக் கூட்டிட்டு வந்து வரையறாங்க. அந்தக் கோடியில சாரத்து மேலே தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறானே, அவன்தான். நல்ல பையன். அவன் மேலே எனக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம் கமிட்டி மேலே.

முதல் படத்தைப் பாருங்க. கார்வர். இங்க முதல்ல ஓடம் விட்டவராம். அதனால ஊருக்குப் பேரு கார்வர்ஸ் லேண்டிங். கார்வர் துறைன்னு வெச்சுக்குங்க. ஆத்தையே பெத்துப் போட்டவர் மாதிரி நிக்கிறார் பாருங்க. அந்த மூஞ்சி யாருது தெரியுமா? எங்க தெரு பிளம்பர். இங்க அப்படி ஒரு வழக்கம். செத்தவங்களை வரையறதுக்கு இருக்கிறவங்களை நிக்க வெப்பாங்க. கார்வருக்குப் பின்னாடி, மரத்தோரம், புகை மாதிரி நாலு உருவம் தெரியுதா? அவங்க கார்வருக்கு முன்னாடி எத்தனையோ நூறு வருஷமா இங்க இருந்தவங்க. மூஞ்சி கிடையாது. ஏங்க, இத்தனை தலைமுறையா இருந்தவங்களுக்கு ஒரு மூக்கு வரையக் கூடாதான்னு கமிட்டியில கேட்டேன். அவங்க படம் எதுவும் கிடைக்கலை மேகின்னாங்க. படம் கிடைக்கலைன்னா ஆளே இல்லைன்னு ஆயிடுமா? நல்லாயிருக்கு நியாயம்.

அடுத்தது நீராவிப் படகு. அதுலதானே நீங்களே வந்திருக்கீங்க. அதுக்கு அடுத்தது பொத்தான் ஃபாக்டரி. ஆத்துல சிப்பியை வாரி, வட்ட வட்டமா துளைச்சு, சட்டைக்குப் பொத்தான் செஞ்சாங்க. பிளாஸ்டிக் பொத்தான் வந்துச்சு, ஃபாக்டரி போச்சு. இன்னமும் கரையில துளை விழுந்த சிப்பி கிடைக்கும். பொத்தானை எடுத்துக்கிட்டு மிச்சத்தை ஆத்துலயே வீசிட்டாங்க இல்லையா, அது. என்கிட்ட ஒண்ணு இருக்கு, கைப்பையிலேயே போட்டு வெச்சிருக்கேன். இந்தாங்க, தொட்டுப் பாருங்க. உள்பக்கம் எப்படி மினுக்குது பாருங்க. வெர்னா கொடுத்தது. அவ அம்மா அந்த ஃபாக்டரியில துளை போட்டவங்க.

வெர்னா யாரா? சர்ச் சமையல்கட்டைப் பார்த்துக்கிட்டவ. அது வேற கதை. நான் என் கதையைச் சொல்லிட்டிருக்கேன்.

என் வீட்டுக்காரர் டாக்டர் சிதம்பரநாதன். இங்க டாக்டர் நாதன். எழுபதுல வந்தோம். இந்த ஊருக்கு டாக்டருங்க வர மாட்டேன்னு ஓடுற காலம். இந்தத் தெருவுல இப்ப நரைச்ச தலையோட நடக்கிறாங்களே, அவங்கள்ல பாதிப் பேரை முதல்ல தூக்கிப் பிடிச்சது அவர் கைதான். ஆஸ்பத்திரியில ஒரு வராந்தாவுக்கு அவர் பேரை வெச்சாங்க. அப்புறம் ஆஸ்பத்திரியையே மூடி, இடிச்சு, இப்ப அங்க மலிவுச் சாமான் கடை. டாக்டர் நாதன் வராந்தா இருந்த இடத்துல நாய்த் தீனி விக்கிறாங்க. அவரும் போயிட்டார். சாம்பலை இந்த ஆத்துலதான் கரைச்சேன். காவேரிக்குக் கொண்டுபோகலாம்னு பையன் சொன்னான். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாதுதான், ஆனா வாழ்ந்தது இங்கதானேன்னு நினைச்சேன். பையன் சியாட்டில்ல இருக்கான். வந்துடும்மா, வந்துடும்மாங்கிறான். நான் போயிட்டா இந்த ஊர்ல நாங்க இருந்தோம்கிறதுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க. ஒரு செங்கல் இருக்கா?

அதனாலதான் சொல்றேன். ஆறாவது படம். வாங்க, கொஞ்சம் கிட்ட வாங்க. முடியுமா? கையைப் பிடிச்சுக்குங்க.

இது எழுபத்தி மூணு வெள்ளம். அந்த வசந்த காலம் முழுக்க மழை. ஆறு கலங்கின டீ மாதிரி ஏறிக்கிட்டே வருது. ஊரே மணல் மூட்டை அடுக்குது. எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியைவிட்டு வீட்டுக்கு வரவே இல்லை. நான் என்ன செய்வேன்? கல்யாணமாகி வந்து மூணு வருஷம்தான், காலேஜ்ல தமிழ் படிச்சவ, மூட்டை தூக்கத் தெம்பு இல்லை. சமைக்கத் தெரியும். சர்ச்சுக்குக் கீழே பெரிய சமையல்கட்டு உண்டு. போய் நின்னேன். மூட்டை தூக்குறவங்களுக்குச் சோறு போடுறேன்னேன்.

எலுமிச்சம்பழ சாதம்! நூத்துக்கணக்கான பேருக்கு! எலுமிச்சை எங்கேங்கிறீங்க? ஜூஸ் பாட்டில்தான். மஞ்சத்தூளும் கடுகும் எங்கம்மா கட்டிக் கொடுத்தது. கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுட்டு மேலேயிருந்து பாதிரியார் நெருப்புன்னு நினைச்சு வாளியோட ஓடி வந்தார். ஊத்தியிருப்பார், வெர்னாதான் குறுக்கே விழுந்து தடுத்தா.

முதல் நாள் யாரும் தொடலை. உண்மையைச் சொல்லணும் இல்லையா. இதென்ன பெயின்ட் மாதிரி இருக்குன்னு ஒருத்தன் கேட்டான். அழுதுட்டேன். வெர்னா ஒரு வாய் எடுத்துத் தின்னு பார்த்தா. அப்புறம் வெண்ணெயை வெட்டிப் போட்டா, வெங்காயத்தைப் பொன்னா வறுத்துக் கொட்டினா, காராமணி வேகவெச்சிருந்தா, அதையும் கலந்தா. மறுநாள் வரிசை சர்ச் வாசலைத் தாண்டி நிக்குது. மஞ்சள் சோறு, மஞ்சள் சோறுன்னு கேட்டு வாங்குறாங்க. வெண்ணெயும் வெங்காயமும் அவ போட்டதுதான், இல்லைங்கலை. ஆனா மூலம் யாருது? மஞ்சள் யாருது? கடுகு யாருது?

இப்ப பாருங்க அந்தப் படத்தை. அண்டா. கரண்டி. கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு, பல்லெல்லாம் தெரிய, யாரு நிக்கிறா? டார்லீன்! பக்கத்து வீட்டு டார்லீன்! ஒரு நாள்கூட அடுப்புப் பக்கம் வராதவ. தட்டுக் கொண்டுவந்து கொடுக்க வந்தா, அவ்வளவுதான். கீழே எழுதியிருக்கிறதைப் படிக்கிறீங்களா? ஊருக்குச் சோறிட்ட கைகள். கோழி நூடுல்ஸ் போட்டதா கமிட்டி போட்ட சரித்திரப் புத்தகத்துல எழுதியிருக்காங்க. அண்டாவுல உள்ள நிறத்தைப் பாருங்க. நூடுல்ஸ் இவ்வளவு மஞ்சளாவா இருக்கும்? சோத்தை வரைஞ்சாங்க, என்னை வரையலை. டார்லீனுக்குப் பதிலா அவ பேத்தி வந்து நின்னு படம் வரையவிட்டா. நான் கூறைநாட்டுப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டு நாற்காலி மேலே மடிச்சு வெச்சிக்கிட்டு ஒரு வாரம் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடலை.

கமிட்டிக்கே போனேன். கிளிஃபர்ட்னு ஒருத்தர் தலைவர். மருந்துக்கடை வெச்சிருந்தவர். எங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டாலதான் அவர் பிள்ளைங்க காலேஜ் படிச்சாங்க.

"மேகி, கண்ணு, நாங்க பழைய பத்திரிகைப் போட்டோவைப் பார்த்து வரைஞ்சோம். அதுல நீ இல்லையே."

"அண்டாவுல இருக்கிற சோறு என்னுது."

"சோத்துல யாரும் கையெழுத்துப் போடலையே, மேகி."

எல்லாரும் சிரிக்கிறாங்க. டார்லீனும் சிரிக்கிறா. இவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப மூணு வாரம் ரசம் வெச்சுக் கொண்டுபோய்க் கொடுத்தவ நான்.

அந்தப் போட்டோவுல நான் ஏன் இல்லைங்கிறீங்களா? சொல்றேன். பத்திரிகைக்காரன் கேமராவோட வந்தப்ப என் கோலம் அப்படி. தலை வாரலை. புடவை பூரா மஞ்சக்கறை. டாக்டர் பெண்டாட்டி பேப்பர்ல இப்படி வரலாமா? ஒரு நிமிஷம் இருன்னு சொல்லிட்டுத் தலை வாரப் போனேன். வந்து பார்த்தா முடிஞ்சு போச்சு. டார்லீன் கரண்டியோட நிக்கிறா. வெர்னாவும் இருந்தா, ஆனா அவ ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்னுட்டா. படத்துல பாருங்க, டார்லீனுக்குப் பின்னாடி, ஒரு முதுகு. ஏப்ரன் நாடா பாதி அவிழ்ந்து தொங்குது. அதுதான் வெர்னா. போட்டோ எடுக்கிறப்ப கேமராவைப் பார்க்கணும்னு தெரியாதா?

ஜன்னல்ல என்னவா? ஒண்ணும் இல்லை. சங்கு ஊதினான். சுவத்து வாசலை அடைக்கப் போறாங்கன்னு அர்த்தம். அதோ, நீங்க வந்த வாசல் ரெண்டு பக்கமும் பள்ளம் வெட்டியிருக்கு பாருங்க. அதுல கட்டைகளை ஒண்ணு மேலே ஒண்ணா இறக்கி அடைச்சுடுவாங்க. முதல் சங்கு ஊதினா, வெளிப்பக்கம் வீடு இருக்கிறவங்க போய் சாமானை எடுத்துட்டு வரலாம். ரெண்டாவது சங்குக்கு அடைச்சாச்சு. ஆமாம், சுவருக்கு வெளியே ஒரு தெரு இருந்துச்சு. சிப்பித் தெரு. பொத்தான் ஃபாக்டரிக்காரங்க தெரு, பெரும்பாலும் கறுப்பு ஜனங்க. சுவர் கட்டுறப்ப அந்தத் தெரு வெளியே போயிடுச்சு. ஏன்னு எனக்குத் தெரியாது. நான் வர்றதுக்கு முன்னாடி கட்டினது.

வெர்னா வீடு அங்கதான். முதல் சங்கு ஊதினதும் ஏப்ரனை அவிழ்க்க ஆரம்பிச்சா. "மேகி, நான் போயிட்டு வந்துடறேன்"னா. வரிசையோ வாசல்வரைக்கும் நிக்குது. எனக்கு வெங்காயம் யாரு வறுத்துக் கொடுப்பா? அவ போட்டாத்தானே திங்கிறாங்க? "முதல் சங்குதானே வெர்னா, இன்னும் ஒரு அண்டா இறக்கிட்டுப் போ"ன்னேன். இருந்தா. நல்ல பொண்ணு. மறுபேச்சுப் பேசலை. அப்பதான் கேமராக்காரன் வந்தான், நான் தலை வாரப் போனேன். அந்த நேரம் பார்த்து ரெண்டாவது சங்கும் ஊதித் தொலைச்சான்.

தெருக்காரங்க எல்லாரும் எடுக்க வேண்டியதை எடுத்துட்டாங்க. அவ மட்டும் எடுக்கலை. துணி, தையல் மெஷின், சுவத்துல மாட்டியிருந்த போட்டோ எல்லாம் போச்சு. அவ பொண்ணு நல்லவேளையா வெர்னாவோட அக்கா வீட்டுல இருந்துச்சு. வெள்ளம் வடிஞ்சதும் ஊரைவிட்டே போயிட்டா. போகும்போது என்கிட்ட வந்து இந்தச் சிப்பியைக் கையில வெச்சுட்டுப் போனா. கரையில பொறுக்கினதாம். வீடு இருந்த இடத்துல கிடைச்சது இதுதான்னா. எனக்குன்னு கொண்டுவந்து கொடுத்தா பாருங்க. அவ்வளவு பிரியம். அந்தத் தெருவையும் உள்ளே வெச்சுச் சுவரைக் கட்டியிருந்தா அவளுக்கு இந்தக் கதி வந்திருக்குமா? பாவம். விடுங்க. அது வேற கதை.

என்ன, படகு ஊதுறானா? முதல் ஊதல்தான், இருங்க. இன்னும் நேரம் இருக்கு. முக்கியமானதையே நான் இன்னும் சொல்லலையே.

லூயிகிட்ட நேராப் போய் கேட்டேன். தம்பி, என்னை வரைய முடியுமா முடியாதான்னு. இடம் இல்லையே மேடம், எதையாவது அழிச்சாத்தான் முடியும்னான். நான் சொன்னேன், இந்த முதுகை அழியேன்னு. தப்பா? முதுகுதானே! மூஞ்சிகூட இல்லை. யாருன்னு யாருக்கும் தெரியாது. அந்த இடத்துல என்னை நிக்க வெச்சா டார்லீனும் இருப்பா, நானும் இருப்பேன், யாருக்கும் நஷ்டம் இல்லை. லூயி தலையைச் சொறிஞ்சான். கமிட்டியில கேட்கணும்னான். கமிட்டி, வெர்னா குடும்பத்தைக் கேட்கணும்னுச்சு. நான் இல்லைன்னு சொல்றதுக்கு யாரையும் கேட்காத கமிட்டி!

வெர்னா செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. பொண்ணு யோலாண்டா மெம்ஃபிஸ்ல டீச்சரா இருக்கா. போன வாரம் அவ போன் பண்ணினா. கமிட்டிக்கு இல்லை, எனக்கு. நான் நினைச்சேன், அழிச்சுக்குங்கன்னு சொல்லத்தான் கூப்பிடுறான்னு. அவ கேட்கிறா:

"மிஸ் மேகி, எங்கம்மா மூஞ்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கா? சின்ன வயசுப் படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்லை. ஆஸ்பத்திரியில எடுத்தது ஒண்ணு இருக்கு, அது அம்மா மாதிரியே இல்லை. யாராவது அடையாளம் சொன்னா அம்மாவைத் திருப்பி நிக்க வெச்சு வரைஞ்சுடலாம்னு லூயி சொல்றார். அந்தச் சமையல்கட்டுல இருந்தவங்கள்ல டார்லீனுக்கு எதுவும் ஞாபகம் இல்லையாம். நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

எப்படி இருக்கு? என் மூஞ்சி இங்க உயிரோட உட்கார்ந்திருக்கு, அதைக் கேட்க ஆள் இல்லை. செத்தவ மூஞ்சியை நான் வரைஞ்சு கொடுக்கணுமாம்!

ஞாபகம் இல்லாமலா? எனக்கா? முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து, ஒரு அரிசி நுழையும். இடது புருவத்துல சின்ன வெட்டு, அங்க மட்டும் முடி முளைக்காது. நெத்தி அகலம். சிரிக்கும்போது வாயைப் புறங்கையால மூடுவா, விரலெல்லாம் மாவா இருக்குமே, அதுக்கு. கன்னம் மேலே ஏறிக் கண்ணு பாதியாயிடும். தாடைக்குக் கீழே, இதோ, இந்த இடத்துல ஒரு மச்சம். வெங்காயம் வறுக்கும்போது தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்குவா, சத்தத்தைக் கேட்டே பதம் சொல்லுவா. அன்னிக்கு நான் இருன்னு சொன்னப்ப என்னைப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை, அது இப்பவும் என் கண்ணுலயே நிக்குது. கண்ணை மூடினா என் வீட்டுக்காரர் மூஞ்சி வர நேரமாகுது. அவ மூஞ்சி உடனே வரும்.

யோலாண்டாகிட்ட ஞாபகம் இல்லைன்னுட்டேன்.

பின்னே? அவளைத் திருப்பி நிக்க வெச்சுட்டா அப்புறம் அழிக்க முடியுமா? முதுகுன்னா அழிக்கலாம். மூஞ்சி வந்துட்டா யார் தொடுவாங்க? எனக்கு அப்புறம் எங்கே இடம்? நாளைக்குக் கமிட்டி கூடுது. யாரும் அடையாளம் சொல்லலைன்னா முதுகை எடுத்துட்டு என்னைப் போடுறதா கிளிஃபர்ட் அரைமனசாச் சொல்லியிருக்கார். நீங்க ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? உங்களுக்குத் தெரியாது. அம்பத்தஞ்சு வருஷம் ஒரு ஊர்ல இருந்துட்டு இல்லாமப் போறது என்னன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க ரெண்டு மணி நேரத்துக்கு வந்தவங்க.

சரி, சரி. கோபத்துல சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. சிப்பியைக் கொடுங்க, அது எனக்கு வேணும். எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. உங்க போன்ல ஒரு படம் எடுத்து என் பையனுக்கு அனுப்புங்க, நம்பர் சொல்றேன். அவன் கமிட்டிக்கு அனுப்பிடுவான். நாளைக்குக் கூட்டத்துல காட்டணும், நான் அங்க நின்னா எப்படி இருக்கும்னு அவங்க கண்ணால பார்க்கட்டும். இருங்க, தலையைச் சரி பண்ணிக்கிறேன்.

இப்ப தெரியுதா? அண்டா தெரியுதா? மஞ்சள் தெரியணும். டார்லீன் இருந்துட்டுப் போகட்டும். அந்த முதுகு? இன்னும் தெரியுதா? நான் இப்படி நகர்ந்துக்கறேன். இப்ப? ஏப்ரன் நாடா மட்டும் தெரியுதா? இன்னும் கொஞ்சம். ம். இப்ப?

ஊதட்டுங்க, ரெண்டாவது ஊதல்னா என்ன? உங்களை விட்டுட்டா போயிடுவான்? இருங்க. ஒரே ஒரு படம். எடுத்துட்டுப் போங்க.